வாசகர் கேள்வி-பதில்: ‘கபால்’ என்னும் சொல்லும் ஐந்து அமைச்சர்களும்

கேள்வி: ஆங்கில நாளேடுகளின் அரசியல் கட்டுரைகளில் ‘கபால்’ என்னும் சொல்லைக் காண்கிறேன். இங்கிலாந்து அரசர் ஒருவரிடம் பணியாற்றிய ஐந்து அமைச்சர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அச்சொல்லை உருவாக்கினார்கள் என்று ஒரு நூலில் படித்தேன். இது உண்மையா? அச்சொல்லின் சரியான பொருள் என்ன?

பதில்: அதிகாரத்தைக் கைப்பற்றவோ, அதிகாரத்தில் இருப்பவரைத் தம் விருப்பப்படி நடத்தவோ மறைவாகக் கூடித் திட்டமிடும் சிலரை ஆங்கிலம் ‘கபால்’ என்கிறது. அக்குழு சிறியது, பெரும்பாலும் அரசவை, அமைச்சரவை, கட்சி போன்ற பெரிய அமைப்பு ஒன்றின் உள்ளேயே இயங்குவது. பழிக்கும் நோக்கில் பிறர் சூட்டும் பெயர் இது என்பதால், எந்தக் குழுவும் தன்னை இவ்வாறு அழைத்துக்கொள்வது அரிது. தமிழில் ‘சதிக்குழு’ என்பது நெருங்கி வரும்.

முதலெழுத்துக் கதை உண்மையன்று. இச்சொல்லின் வேர் எபிரேய மொழியில் இருக்கிறது. ‘பெற்றுக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து, வழிவழியாகப் பெற்ற மரபைக் குறிக்கும் ‘கப்பாலா’ என்ற பெயர் பிறந்து, யூதர்களின் மறைஞான மரபுக்கு உரியதாயிற்று. ‘ஏற்றுக்கொள்ளுதல்’ எனப் பொருள்படும் ‘கபூல்’ என்ற அரபுச் சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததே. மறைஞானம் சிலருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று என்பதால், கப்பாலா என்னும் சொல் இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குச் சென்றபோது ‘மறைபொருள்’ என்பதோடு ‘மறைவான சூழ்ச்சி’ என்ற பொருளையும் ஏற்றது. ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதை எடுத்துக்கொண்டது. சூழ்ச்சியைக் குறித்த சொல், பின்னர்ச் சூழ்ச்சி செய்பவர்களையும் குறிக்கலாயிற்று.

தாங்கள் படித்த ஐந்து அமைச்சர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். தலைமை அமைச்சராக விளங்கிய கிளாரண்டன் பிரபு 1667இல் பதவி இழந்த பிறகு, இரண்டாம் சார்லஸ் அரசரின் ஆட்சியில் கிளிஃபர்ட், ஆர்லிங்டன், பக்கிங்ஹாம், ஆஷ்லி, லாடர்டேல் ஆகிய ஐவரும் செல்வாக்குப் பெற்றனர். இந்த வரிசையில் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் (C, A, B, A, L) சேர்த்தால் அந்த ஆங்கிலச் சொல் அப்படியே வருகிறது. ஏற்கெனவே வழக்கில் இருந்த ஒரு வசைச்சொல் தற்செயலாக இவர்களின் பெயர்களுக்குள் அமைந்திருப்பதைக் கண்ட மக்கள், அதை விட்டுவிடுவார்களா? அவர்கள் இவ்வமைச்சரவைக்கே அப்பெயரைச் சூட்டினார்கள். சொல்லைப் பெயர்கள் உருவாக்கவில்லை. பெயர்களுக்கு ஏற்கெனவே இருந்த சொல் பொருந்திவிட்டது. அக்காலக் கடற்படை நிர்வாக அலுவலர் சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பிலேயே இச்சொல்லைக் காணலாம். அவர் அதை இந்த ஐவருக்கு மட்டும் உரியதாகக் கையாளவில்லை.

இவ்விளக்கத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஒன்றுபட்ட சூழ்ச்சிக் கூட்டமாக இந்த ஐவரும் இருக்கவே இல்லை என்பதுதான். 1670இல் சார்லஸ், பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியுடன் டோவரில் இரகசிய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டார். பிரான்சிடம் பணம் பெற்றுக்கொண்டு டச்சு நாட்டின்மீது போர் தொடுப்பதோடு, தாம் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாக அறிவிப்பதாகவும் அதில் அவர் உறுதியளித்திருந்தார். இந்த உறுதிமொழி கிளிஃபர்டுக்கும் ஆர்லிங்டனுக்கும் தெரியும். மற்ற மூவருக்கும் தெரியாது. மத உறுதிமொழியை விட்டுவிட்டு எழுதிய போலி உடன்படிக்கை ஒன்றில் அதே ஆண்டு டிசம்பரில் ஐவரும் கையெழுத்திட்டனர். ஆக, சூழ்ச்சி செய்தவர் அரசர். சூழ்ச்சிக்காரர் என்ற பெயரை வாங்கியவர்கள் அமைச்சர்கள். 1673இல், அரசுப் பதவி வகிப்போர் கத்தோலிக்கக் கோட்பாட்டை மறுத்து உறுதிமொழி ஏற்க வேண்டும் என்ற சட்டம் வந்ததும் கிளிஃபர்ட் விலகினார். அதே ஆண்டில் பதவி நீக்கப்பட்ட ஆஷ்லி, அரசரை எதிர்க்கும் அணியின் தலைவராகவே மாறினார்.

முதலெழுத்துகளைக் கூட்டிச் சாதாரணச் சொல்லாகவே வழங்குவது ‘ரேடார்’ போன்றவற்றால் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. அதற்கு முந்தைய சொல் ஒன்றுக்கு யாரேனும் இத்தகைய விளக்கம் தந்தால், அதை உடனே ஏற்காமல் நல்ல அகராதி ஒன்றைப் பார்ப்பது நலம்.

கேள்வி: ‘ஜுன்டா’ என்பதும் இதே பொருளுடையதா?

பதில்: இல்லை. ‘இணைந்தது’ என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல் அது. ஸ்பெயினில் ஆலோசனைக் குழுக்களுக்கு வழங்கிய பெயர். நெப்போலியனை எதிர்த்து 1808இல் அந்நாட்டில் ஊர்தோறும் தோன்றிய ஆட்சிக்குழுக்களும் இப்பெயரையே கொண்டிருந்தன. ஆயுதபலத்தால் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர்களின் குழு என்ற இன்றைய பொருள், 20ஆம் நூற்றாண்டின் இலத்தீன் அமெரிக்க நிகழ்வுகளால் வலுப்பெற்றது. சிலி நாட்டில் 1973இல் ஆட்சியைக் கவிழ்த்த முப்படை, காவல்படைத் தலைவர்கள் தங்கள் ஆட்சிக்கு இப்பெயரைத் தாமே வெளிப்படையாகச் சூட்டிக்கொண்டார்கள்.