நுரையீரல் ரத்த அழுத்தம்: எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

எக்கோ என்ற இதய ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் எழுதி அனுப்பியவர்களுக்கு முதலில் ஒன்று. வயது என்ன, வேறு என்ன நோய் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் ஆபத்து. அவற்றை எழுதியவர்களின் கடிதங்களே பெரும்பாலும் இங்கே இடம்பெறுகின்றன.

கையில் பார்த்தால் பி.பி. 120/80. எக்கோவில் மட்டும் அழுத்தம் அதிகம் என்கிறார்கள். எதை நம்புவது? (மதுரை)

இரண்டையும். கையில் பட்டை கட்டி அளப்பது இடது இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம். வலது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியின் கணக்கு வேறு. அங்கே சராசரி, அதே மி.மீ. பாதரசக் கணக்கில், 14 அளவில்தான் இருக்கும். 1973-ல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள், அதைத் தாண்டினால் நோய் என்று 25-ஐ எல்லையாக வைத்தார்கள். 2018-ல் பிரான்சின் நீஸ் நகரில் கூடிய உலக மாநாடு அதை 20-க்கு இறக்கியது. இவை கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு நேரடியாக அளந்த சராசரி. எக்கோ தருவதோ உச்ச அழுத்தத்தின் மதிப்பீடு. அறிக்கையில் 38 என்று பார்த்துவிட்டு இந்த 20-ஓடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. எக்கோவில் 48 என்று வந்ததும் சில்டெனாஃபில் மூன்று வேளை எழுதினார்கள். மூச்சுவாங்கல் முன்பைவிடக் கூடியிருக்கிறது. அளவைக் கூட்டலாமா? (திருச்சி)

கூட்டவே கூடாது. நாளைக்கே இதய மருத்துவரிடம் அழைத்துப் போய், இந்த மாத்திரை எதற்காக என்று கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் நாளை வரை காத்திருக்காமல் இன்றே போங்கள்.

எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது, வருத்தமாக இருக்கிறது. நுரையீரல் ரத்த அழுத்தம் ஒரே நோய் அல்ல, ஐந்து வகை. முதல் வகையில் நுரையீரலின் சிறு தமனிகளே தடித்துக் குறுகுகின்றன. அது மிக அரிது, பத்து லட்சம் பேரில் சில பத்துப் பேருக்குத்தான் இருக்கும். இரண்டாம் வகைக்குக் காரணம் இடது இதயம். அதன் தசை விறைத்திருக்கும், இல்லாவிட்டால் வால்வு பழுதாகியிருக்கும். மூன்றாவது நுரையீரல் நோயால் வருவது, நான்காவது பழைய ரத்தக்கட்டியால். மற்ற எல்லாம் ஐந்தாவது. உங்கள் அப்பாவின் வயதில், சர்க்கரையும் பி.பி.யும் இருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகைதான். நுரையீரல் தமனிகளை விரிக்கும் சில்டெனாஃபிலுக்கு, நுரையீரல் ரத்த அழுத்தத்தில் 2005-ல் அனுமதி கிடைத்தது முதல் வகைக்கு.

வடிகால் அடைபட்ட வயலுக்கு மதகை அகலத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? இடது இதயம் ரத்தத்தை வாங்க முடியாமல் திணறும்போது நுரையீரல் தமனிகளை விரித்துவிட்டால் நுரையீரலில் நீர் கோர்க்கும். இது என் ஊகம் அல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதயம் விறைத்தவர்களுக்கு ஆறு மாதம் சில்டெனாஃபில் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2013-ல் வெளியானது. மூச்சும் நடையும் தேறவில்லை. வால்வு சரிசெய்த பிறகும் அழுத்தம் குறையாத 200 பேரிடம் ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் நிலை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமானது. நுரையீரல் தழும்பு நோயாளிகளுக்கு, இதைப் போலவே தமனியை விரிக்கும் ரியோசிகுவாட் கொடுத்த ஆய்வில் இறப்பு கூடியதால் 2016-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இவ்வளவுக்குப் பிறகும், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எக்கோவில் ஓர் எண்ணைப் பார்த்ததும் இந்த மாத்திரையை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் வகை என்று உறுதிசெய்ய வலது இதயக் கதீட்டர் பரிசோதனை வேண்டும். கழுத்து, கை அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டு நேரடியாக அளப்பார்கள். 1929-ல் எபர்ஸ்வால்டே என்ற ஜெர்மன் ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கைச் சிரை வழியே தன் இதயத்துக்கே குழாய் விட்டுப் பார்த்தார். அதைப் பரிசோதனை முறையாக வளர்த்தவர்கள் கூர்னானும் ரிச்சர்ட்ஸும். 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அனுபவமுள்ள மையங்களில் பெரிய சிக்கல் வருவது நூற்றில் ஒருவருக்கு. பயந்து தவிர்க்க வேண்டிய பரிசோதனை அல்ல.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொள்கிறேன். நுரையீரல் அழுத்தத்துக்கு வேறொரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஞாபகமில்லை. சேர்ந்து சாப்பிடலாமா? (ஊர் எழுதவில்லை)

பெயர் தெரியாத மாத்திரையை எப்படி விழுங்குகிறீர்கள்? நாக்கடியில் வைப்பது நைட்ரேட்டாக இருக்கும். மற்றது சில்டெனாஃபில், டாடலாஃபில், ரியோசிகுவாட் இவற்றில் எதுவானாலும் இரண்டும் சேரும்போது ரத்த அழுத்தம் மயங்கி விழும் அளவுக்கு இறங்கலாம், உயிரும் போகலாம். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் இன்றே போங்கள்.

உடல் இளைக்க இணையத்தில் வாங்கிய கேப்ஸ்யூல் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சம்பந்தம் உண்டா? (கோவை)

இருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு எக்கோ எடுங்கள். இந்த நோய் குறித்த ஆராய்ச்சி வேகம் பிடித்ததே ஒரு பசியடக்கி மாத்திரையால்தான். 1965 முதல் 1968 வரை சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனியில் அமினோரெக்ஸ் விற்றது. அந்த ஆண்டுகளில் இந்த அரிய நோய் அங்கே பத்து மடங்குக்கு மேல் பெருகியது. மேலே சொன்ன ஜெனீவா கூட்டமே அதன் விளைவு. பாடம் படித்த பிறகும் ஃபென்ஃப்ளூரமின் என்ற இன்னொரு பசியடக்கி விற்றது. 1997-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். பிரான்சில் அதே இனத்து பென்ஃப்ளூரெக்ஸ் 2009 வரை விற்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதாத இளைப்பு மருந்தைத் தொடாதீர்கள்.

இரண்டு வருடம் முன் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போனது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். மூச்சுவாங்கல் முழுதாகப் போகவில்லை. வயதாகிறது என்கிறார்கள். (சேலம்)

வயதின் மேல் பழி போடுவதற்கு முன், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெல்லாம் போகின்றன என்று காட்டும் வி/க்யூ ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மூன்று மாதமாவது மருந்து சாப்பிட்ட பின்னும் கட்டி கரையாமல் தமனிச் சுவரில் தழும்பாக ஒட்டிக்கொண்டால் அது நான்காம் வகை. ஐந்தில் அறுவை சிகிச்சையாலேயே குணமாகக்கூடிய வகை இது. அதனால்தான் தவறவிடக் கூடாது என்கிறேன். உடம்பை 18 டிகிரி வரை குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, தழும்பை உரித்தெடுப்பார்கள். இதில் சான் டியேகோ மருத்துவர்கள் முன்னோடிகள். கத்தி எட்டாத சிறு கிளைகளுக்கு ஜப்பானியர் செம்மைப்படுத்திய, பலூனால் விரிக்கும் முறை இருக்கிறது. ரியோசிகுவாட் மாத்திரையும் இந்த வகைக்கு உண்டு. சி.டி.யில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

அக்காவுக்கு முதல் வகை. எனக்கும் வருமா? (யாழ்ப்பாணம்)

கட்டாயம் வரும் என்றில்லை. பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவின் பழுது இந்த நோய்க்குக் காரணம் என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் பலருக்கு இருந்தால் முக்கால்வாசி இதன் பழுது. தனியாக ஒருவருக்கு வந்தால் ஐந்தில் ஒருவரிடம். முதலில் அக்காவைச் சோதியுங்கள். அவரிடம் பழுது இருந்தால் உங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைச் சுமப்பவர்களிலும் நோய் வருவது பெண்களில் நூற்றுக்கு நாற்பது, ஆண்களில் பதினைந்து பேருக்குத்தான். ஆண்டுக்கொரு எக்கோ போதும்.

புதிதாக வந்திருக்கும் ஊசி இந்த நோயை அடியோடு தீர்க்குமாமே? (சென்னை)

தீர்க்காது. ஆனால் நல்ல மருந்து. நீங்கள் கேட்பது சோட்டாடெர்செப்ட். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய மருந்துகள் தமனியை விரிக்கும். இதுவோ தமனிச் சுவர் தடிக்கச் சொல்லும் ஆக்டிவின் என்ற புரதத்தின் சமிக்ஞையைப் பிடித்துக் குறைக்கிறது. மேலே சொன்ன மரபணுவின் பழுதால் தட்டுக்கெட்டுப் போவது இந்தச் சமநிலைதான். ஆய்வகத்தில் கண்டது மருந்தாக வர 24 வருடம் ஆனது. பழைய மருந்துகளோடு சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை தோலடியில் போட்டவர்கள், ஆறு நிமிட நடையில் 40 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். மூக்கில் ரத்தம் கசியலாம், ஹீமோகுளோபின் ஏறலாம். 2024-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துப் பொதி 14,000 டாலர் அளவில் இருந்தது. இந்த விலை எனக்கும் கோபத்தைத்தான் தருகிறது. இதுவும் முதல் வகைக்கே. எந்த வகை என்று தெரியாமல் இதைக் கேட்டு டாக்டரைத் துரத்தாதீர்கள்.

நுரையீரல் அழுத்தத்துக்கு போசென்டான் சாப்பிடுகிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. (விழுப்புரம்)

இப்போது வேண்டாம், அம்மா. போசென்டான் கருவை ஊனப்படுத்தும். கர்ப்பம் உங்கள் உயிருக்கே ஆபத்து. கருத்தடை பற்றி அடுத்த சந்திப்பிலேயே பேசுங்கள். அந்த மாத்திரையோடு மாதாமாதம் ஈரல் பரிசோதனையையும் விடாதீர்கள்.

குழந்தைக்கு இதயத்தில் பெரிய ஓட்டை. வளர்ந்ததும் அடைக்கலாமா? (தர்மபுரி)

தள்ளிப் போடாதீர்கள். ஓட்டை வழியே கூடுதலாகப் பாயும் ரத்தத்தால் நுரையீரல் தமனிகள் ஒருமுறை இறுகிவிட்டால் அதன் பிறகு ஓட்டையை அடைக்கவே முடியாமல் போகும்.

கோடையில் ஊட்டிக்குப் போகலாமா? எனக்கு முதல் வகை. (ஈரோடு)

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். 1,500-ஐத் தாண்டினாலே உங்களுக்கு ஆக்ஸிஜன் ஏற்பாடு வேண்டியிருக்கும். வேறு ஊர் பாருங்கள்.