இணையம் கேள்வி–பதில்: தட்டினால் திறக்கும் படங்கள்

பிளாக்கரில் சமையல் வலைப்பூ வைத்திருக்கிறேன். இட்லிப்பொடி பாக்கெட்டின் படத்தைத் தட்டினால் ஆர்டர் படிவம் திறக்க வேண்டும். ஆனால் படம்தான் பெரிதாகிக் கறுப்புத் திரையில் வந்து நிற்கிறது. ஏன்?
– வாசகி, நாமக்கல்

பிளாக்கர் தானாகச் செய்கிற வேலை இது. பதிவுக்குள் படத்தை ஏற்றியதும், அதே படத்தின் பெரிய வடிவத்துக்கு ஓர் இணைப்பைப் போட்டுவிடும். கறுப்புத் திரைக்குப் பெயர் ‘லைட்பாக்ஸ்’. செட்டிங்ஸில் அதை அணைத்தால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அணைத்தாலும் இணைப்பு அப்படியேதான் இருக்கும். படம் தனிக் கோப்பாகத் திறக்கும். மாற்ற வேண்டியது இணைப்பை.

எடிட்டரில் படத்தை ஒருமுறை கிளிக் செய்து, மேலே உள்ள சங்கிலி ஐகானை அழுத்துங்கள். பெட்டியில் இருக்கும் நீண்ட முகவரியை அழித்துவிட்டு, உங்கள் படிவத்தின் முகவரியை ஒட்டி ‘அப்ளை’ கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், இடது ஓரத்துப் பென்சில் ஐகானில் ‘எச்டிஎம்எல் வியூ’வுக்கு (பதிவின் நிரல் தெரியும் பார்வைக்கு) மாறுங்கள். அங்கே ஒரே படத்துக்கு இரண்டு முகவரிகள் தெரியும். ‘எச்ரெஃப்’ என்ற சொல்லை அடுத்து ஒன்று, ‘எஸ்ஆர்சி’ என்பதை அடுத்து இன்னொன்று. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் குழப்பம் வரும். எச்ரெஃப் என்பது தட்டினால் போகும் இடம். எஸ்ஆர்சி என்பது படம் இருக்கும் இடம். முதலாவதை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவதில் கை வைத்தால் படமே காணாமல் போகும்.

எடிட்டருக்குள் தட்டிப் பார்த்து ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே தட்டினால் படம் தேர்வாகும், வேறெங்கும் போகாது. பிரிவ்யூவில் பாருங்கள்.

வேர்ட்பிரஸிலும் இதே தொல்லை உண்டா?
– வாசகர், கடலூர்

உண்டு, வேறு பெயரில். 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து, தட்டினால் படத்தைப் பெரிதாக்கும் வசதி படப் பிளாக்கிலேயே (பதிவில் படம் வைக்கும் கட்டத்திலேயே) இருக்கிறது. சங்கிலி ஐகானை அழுத்தினால் அது போட்டிருக்கிறதா என்று தெரியும். போட்டிருந்தால் முதலில் எடுத்துவிட்டு, பிறகு முகவரியைக் கொடுங்கள்.

படத்துக்கு இணைப்பு கொடுத்தேன். தட்டினால் என் வலைப்பூவின் முகவரிக்குப் பின்னாலேயே அந்தக் கடையின் முகவரியும் ஒட்டிக்கொண்டு, ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

முகவரியை மூன்று டபிள்யூவில் தொடங்கியிருப்பீர்கள். முன்னால் எச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள் இல்லாவிட்டால், அது வேறு தளம் என்று பிரவுசருக்குத் தெரியாது. உங்கள் தளத்துக்குள் இருக்கும் ஒரு பக்கத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடும். கையால் தட்டச்சு செய்யாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து முகவரிப் பட்டையிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் இந்த வம்பே வராது.

எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? எச்டிஎம்எல் பார்வையில் அந்த இரண்டு முகவரிகளையும் சுற்றியுள்ள மேற்கோள் குறிகளைப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டினால், நேர்க்குறிகளுக்குப் பதில் வளைந்த குறிகள் வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பிரவுசரோ அந்த வளைந்த குறியையும் முகவரியின் ஓர் எழுத்தாகவே படிக்கும். நான்கு குறிகளையும் அழித்து, விசைப்பலகையில் நீங்களே அடியுங்கள்.

சொந்தப் பதிவுகளுக்கே படங்களிலிருந்து இணைப்பு கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் அதை முகவரியில் சேர்க்காது; ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு ஓர் எண்ணைத் தொங்கவிடும். பத்துப் பதிவு சேர்ந்தபின் எது ரசம், எது குழம்பு என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இணைப்பு மாறிப்போவது சகஜம். பதிவை வெளியிடும் முன்பே வலப்பக்கம் ‘பெர்மாலிங்க்’ (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள்.

என் தளத்தில் வைத்த வாட்ஸ்அப் சின்னத்தின் படத்தைத் தட்டினால் நேராக எங்கள் கடைக்குச் செய்தி அனுப்பும் திரை வர வேண்டும். எண்ணைக் கொடுத்தேன், தவறான எண் என்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

வாட்ஸ்அப்பின் ‘டபிள்யூஏ டாட் எம்இ’ முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு எண்ணைச் சேர்க்க வேண்டும். நாட்டுக் குறியீடு கட்டாயம். கூட்டல் குறி, இடைவெளி, சிறுகோடு எதுவும் கூடாது. முன்னால் உள்ள பூஜ்யமும் போக வேண்டும். உங்கள் எண் 077 என்று தொடங்கினால், 9477 என்று தொடங்கி எழுதுங்கள். தமிழ்நாட்டு எண்ணுக்கு 91. தொலைபேசி அழைப்புக்கான ‘டெல்’ இணைப்பில் மட்டும் கூட்டல் குறியோடு எழுதுவது வழக்கம். அங்கிருந்து நகல் எடுத்து இங்கே ஒட்டுவதால்தான் பல நேரம் தகராறு.

தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தயாரித்து, 38 மாவட்டங்களையும் தனித்தனியாகத் தட்டும்படி ‘இமேஜ் மேப்’ போட்டிருக்கிறேன். கணினியில் அருமை. போனில் மதுரையைத் தட்டினால் வேறு ஏதோ மாவட்டம் திறக்கிறது.
– ஆசிரியை, காரைக்குடி

இமேஜ் மேப்பின் பிறவிக்குறை இது. நீங்கள் கொடுத்த ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) எல்லாம் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணிய பிக்சல்கள். போனில் படம் சுருங்கும். அந்த எண்கள் சுருங்காது. 800 பிக்சல் அகலப் படத்தில் ஒரு மாவட்டத்தின் நடுப்புள்ளி 400, 300 என்று வைத்துக்கொள்வோம். 360 பிக்சல் அகலத் திரையில் அந்தப் புள்ளி 180, 135க்கு வந்துவிடும். பிரவுசர் இன்னும் 400, 300இல்தான் காத்திருக்கும். அந்த இடம் படத்தின் வலது விளிம்பையும் தாண்டி வெளியே இருக்கிறது. அதாவது அந்த மாவட்டத்தைத் தட்டவே வழியில்லை.

எண்களைத் திரைக்கேற்ப மாற்றித் தரும் ஜாவாஸ்கிரிப்ட்கள் கிடைக்கின்றன. ஆனால் 38 மாவட்ட எல்லைகளுக்கு எஸ்விஜி (கோடுகளும் உருவங்களுமாக எழுதப்படும் படக் கோப்பு) வடிவம்தான் சரி. அதில் ஒவ்வொரு மாவட்டமும் தனி உருவம். ‘வியூபாக்ஸ்’ (படத்தின் மூல அளவைச் சொல்லும் குறிப்பு) சரியாக இருந்தால் படம் சுருங்கும்போது தட்டும் இடமும் கூடவே சுருங்கும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் இணைப்பு கொடுத்துவிடலாம். சேமித்த எஸ்விஜி கோப்பைச் சாதாரணப் படம் மாதிரி ‘ஐஎம்ஜி’ டேக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் இணைப்புகள் செத்துவிடும். படம் மட்டும் தெரியும். அதனால் கோப்பை நோட்பேடில் திறந்து, எஸ்விஜி என்று தொடங்கும் வரியிலிருந்து முடியும் வரி வரை அப்படியே எடுத்து எச்டிஎம்எல் பார்வையில் ஒட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் போனில் சென்னை மாவட்டம் கட்டைவிரலுக்குள் மறைந்துவிடும். தட்டும் இடம் குறைந்தது 48 பிக்சல் இருக்கட்டும் என்கிறது கூகுளின் ஆண்ட்ராய்டு வழிகாட்டி. ஆப்பிள் 44 என்கிறது. சென்னைக்கு எங்கே போவது? வரைபடத்துக்குக் கீழே 38 பெயர்களையும் எழுத்திலேயே இணைப்பாகப் போட்டுவிடுங்கள். போனில் பார்க்கும் மாணவர்கள் அதைத்தான் தட்டப் போகிறார்கள்.

ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விவரம்) கட்டாயமா? நான் ‘படம் 1’ என்று போடுகிறேன்.
– வாசகர், கோவை

இணைப்புள்ள படத்துக்குக் கட்டாயம். பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் இணைப்பின் பெயராக வாசிக்கும். கூகுளும் அதை வைத்துத்தான் அந்த இணைப்பு எதைப் பற்றியது என்று புரிந்துகொள்கிறது. காலியாக விட்டால் சில கருவிகள் கோப்பின் பெயரை ஒப்பிக்கும். படத்தில் என்ன தெரிகிறது என்பதைவிட, தட்டினால் எங்கே போகும் என்று எழுதுங்கள்: ‘இட்லிப்பொடி ஆர்டர் படிவம்’. ‘படம் 1’ யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

உள்ளூர்க் கடை ஒன்று பணம் தந்து, தன் விளம்பரப் படத்தை என் தளத்தின் பக்கவாட்டில் போடச் சொல்கிறது. எப்படிப் போடுவது?
– வாசகர், மதுரை

பிளாக்கரில் ‘லேஅவுட்’ போய், ‘இமேஜ்’ கேட்ஜெட்டை (பக்கவாட்டில் வைக்கும் பெட்டியை) சேர்த்து, ‘லிங்க்’ கட்டத்தில் கடையின் முகவரியைக் கொடுத்தால் படம் வந்துவிடும். ‘ஷ்ரிங்க் டு ஃபிட்’டைத் தேர்வு செய்யாவிட்டால் படம் பட்டையைத் தாண்டி வழியும். ஆனால் காசு வாங்கிய இணைப்புக்கு அந்த கேட்ஜெட் போதாது. அப்படிப்பட்ட இணைப்புகளின் நிரலில் ‘ரெல்’ (இணைப்பின் தன்மையைச் சொல்லும் குறிப்பு) என்ற இடத்தில் ‘ஸ்பான்சர்ட்’ என்று குறிக்கும்படி கூகுள் 2019இலிருந்து கேட்கிறது. அதைச் சேர்க்க அங்கே கட்டம் இல்லை. ‘எச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட்’ கேட்ஜெட்டில் நிரலாகவே எழுதுங்கள். பல தீம்களில் பக்கவாட்டுப் பட்டை போனில் பதிவுகளுக்கெல்லாம் கீழே இறங்கிவிடும், சிலவற்றில் மெனுவுக்குள் ஒளிந்துகொள்ளும். கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பணத்தை வாங்குங்கள்.