மாலை கழற்றிய மறுநாள்

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளைச் சில வருஷமாகப் படிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. என் வயது 43. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடு ஸ்ரீராமபுரத்தில். பாலிடெக்னிக் படிக்கும்போது ஆரம்பித்த சிகரெட். ஒரு நாளைக்குப் பத்து. நைட் ஷிஃப்ட் என்றால் இன்னும் கூடும். வீட்டுக்குப் பாக்கெட் கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொன்றாகத்தான் வாங்குவேன்.

ஒவ்வொரு கார்த்திகையும் சபரிமலைக்கு மாலை போடுகிறேன். போட்ட நாளிலிருந்து மலைக்குப் போய்த் திரும்பும்வரை சிகரெட்டைத் தொடமாட்டேன். சத்தியமாகத் தொடமாட்டேன். முதல் வாரம் தலைவலி, படபடப்பு, தூக்கம் வராது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். காபி மட்டும் நாலைந்து குடித்துச் சமாளிப்பேன். அப்புறம் சரியாகிவிடும். ஆனால் அம்மா கையால் மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பேக்கரி வாசலில் சிகரெட்டோடு நிற்கிறேன். இந்தத் தடவை என் மகள் கேட்டுவிட்டாள்: "சாமிக்காக விட முடியுது, எங்களுக்காக முடியாதாப்பா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு மனவுறுதி இல்லையா, பாசம் இல்லையா? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதுமா? காலையில் ஒன்று பிடிக்காமல் வயிறு சுத்தமாகாது, அதற்கு என்ன செய்வது என்பதையும் வெட்கத்தைவிட்டுக் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், பெங்களூரு

*

அன்புள்ள நண்பருக்கு,

புகையை விடுவதில் எல்லாரும் பயப்படுகிற பகுதியை நீங்கள் வருஷாவருஷம் மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் தாண்டிவிடுகிறீர்கள். அப்படிப்பட்டவர் தனக்கு மனவுறுதி இல்லை என்று எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் விழுகிற இடம் வேறு.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்த்துவிடுவோம். இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் பத்து இருபது வினாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மூளை அடுத்ததைக் கேட்கும். விழித்திருக்கும் நேரத்தைப் பத்தால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் நீங்கள் மெஷினை விட்டு வெளியே வருகிறீர்கள். பல வருஷம் புகைத்தவர் மூளையில் நிக்கோட்டினுக்கான ஏற்பிகள், அதாவது நிக்கோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள், எண்ணிக்கையில் கூடிவிடுகின்றன. நிறுத்தியதும் வரும் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அந்தப் பழக்கத்தின் விளைவு. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடிப்போன ஏற்பிகளும் சில வாரங்களில் குறைகின்றன. விரதமோ 41 நாள். அதாவது நீங்கள் இருமுடி கட்டும்போது உங்கள் உடம்பு சிகரெட்டை ஏற்கெனவே விட்டுவிட்டது.

அப்புறம் ஏன் அன்று சாயங்காலமே பேக்கரி வாசல்?

மாலை போட்ட மனிதரைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். பெங்களூரு மார்கழிக் குளிரில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல். கறுப்பு வேட்டி, வெறுங்கால், தரையில் படுக்கை. கறி இல்லை, குடி இல்லை. வேலை முடிந்ததும் பேக்கரிக்குப் போகிற நேரத்தில் பஜனைக்குப் போகிறீர்கள். தினமும் உங்களோடு தம் அடிக்கிற ஆள் உங்களைக் கண்டதும் கையிலிருப்பதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். வயதில் மூத்தவர்கூட "சாமி" என்று கூப்பிடுகிறார். யாரும் ஒன்றை நீட்டமாட்டார்கள், நீட்டினால் பாவம் அவர்களுக்கு. வீட்டில் அம்மாவும் மனைவியும் உங்கள் விரதத்துக்காகத் தங்கள் சமையலையே மாற்றிக்கொள்கிறார்கள்.

இப்போது அதே ஆள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, "மகளுக்காக விடுறேன்" என்று ஷாப்பில் சொன்னால் என்ன ஆகும்? முதல் நாள் பாராட்டுவார்கள். மூன்றாம் நாள் டீ நேரத்தில் "ஒண்ணே ஒண்ணு, என்ன ஆயிடும்" என்று நீட்டுவார்கள். மறுத்தால் "வீட்டுக்காரம்மாவுக்குப் பயமா" என்று கேலி வரும். குளியலும் அப்படியே, பேக்கரியும் அப்படியே, நிற்கிற இடமும் அப்படியே. சிகரெட் மட்டும் இருக்கக் கூடாது. ஆகவே சாமியையும் மகளையும் தராசில் வைத்து நீங்கள் மகளைக் குறைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒன்றில் உங்களோடு ஒரு தெருவே விரதம் காக்கிறது. மற்றதில் உங்களைத் தனியாக விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விரதத்துக்கு முடிவுநாள் உண்டு. ஆசை வரும்போதெல்லாம் "இன்னும் இருபது நாள்தான்" என்று மனசுக்குச் சொல்லிச் சொல்லி ஓட்டுகிறோம். அந்தச் சமாதானம் உங்களைத் தாங்குகிறது, கூடவே மாலை கழற்றும் நாளை ஒரு பரிசு நாளாகவும் ஆக்கிவிடுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், புகையை நிறுத்தி 7 நாள் ஆனவர்களுக்கும் 35 நாள் ஆனவர்களுக்கும் சிகரெட் சம்பந்தப்பட்ட படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். பொதுவான ஏக்கம் நாளாக ஆகக் குறைந்திருந்தது. ஆனால் படத்தைப் பார்த்ததும் எழும் ஏக்கம் 35 நாள் ஆனவர்களுக்குத்தான் கூடுதல். உங்கள் பேக்கரி வாசலை விளக்க எனக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று தெரியவில்லை. சும்மா இருக்கும்போது ஒன்றும் தோன்றாது. அந்தக் கண்ணாடி அலமாரி, கவுண்டரில் கட்டித் தொங்கும் லைட்டர், கையில் சுடச்சுட காபி, பக்கத்தில் பழைய கூட்டாளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நிமிஷத்தில், வாரக்கணக்காக விட்டிருந்தவரின் கை தானாக நீளும். பழக்கப்பட்ட இடமும் வேளையும் செய்கிற வேலை அது. அதைப் பாசக்குறைவு என்று எழுதாதீர்கள்.

எனவே நீங்கள் திட்டம் போட வேண்டியது 42-ஆம் நாளுக்கு. இத்தனை வருஷமும் அந்த நாளுக்கு உங்களிடம் ஒரு ஏற்பாடும் இருந்ததில்லை. அதற்காக அடுத்த கார்த்திகைவரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே ஒரு நாள் குறியுங்கள். மாலை இல்லாத விரதம்தான், ஆனால் விரதத்தில் உங்களைத் தாங்கிய விஷயங்களில் எதையெல்லாம் கூட வைத்துக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளியல் இருக்கட்டும். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் போக ஓர் இடம் இருக்கட்டும், கோயிலோ மகளோடு ஒரு நடையோ. சில மாதங்களுக்குக் குடி வேண்டாம், ஏனென்றால் விட்டவர்கள் பலர் மறுபடி தொடங்குவது மது மேஜையில். அந்தப் பேக்கரியை முதல் மூன்று மாதம் சுற்றிக்கொண்டு போங்கள். உங்கள் குருசாமியிடம் போய் நேராகச் சொல்லுங்கள். குழுவில் இன்னும் இரண்டு பேராவது உங்கள் நிலையில்தான் இருப்பார்கள், சொல்லாமல் இருக்கிறார்கள். 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடுவதற்கு நினைப்பதாகவே சொன்னார்கள். உங்களுக்குச் சிகரெட்டை நீட்டுகிறவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

மருந்தைப் பற்றி. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில், ஆறு மாதம் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் விட்டபடி இருக்கிறார்கள். நிக்கோட்டின் சூயிங் கம், பேட்ச் போன்றவை வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்கு ஆக்குகின்றன. 2 மில்லிகிராம் கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். உங்கள் காலைக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் அந்த வகை. ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பி.பி., இதயம் பற்றியும் அவர் பார்த்துக்கொள்வார். பியூப்ரோபியான், வரெனிக்ளின் என்ற மாத்திரைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் டாக்டர் சொன்னால்தான். சிகரெட்டை விட மருந்து எடுப்பது ஆம்பளைத்தனத்துக்குக் குறைவு என்று நம்மவர்களிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதன்மேல் நிஜமான கோபம் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

கம்மைச் சாதாரண பபிள்கம் போல மெல்லக் கூடாது. காரமாகத் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். சும்மா மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். கம்மை வாயில் போடுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலிருந்தே காபி கூடாது. காபியின் புளிப்பு, வாய்வழியாக நிக்கோட்டின் உள்ளே போவதைத் தடுத்துவிடும்.

காபி பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. சிகரெட் புகையிலுள்ள தார் ரசாயனங்கள் கல்லீரலை முடுக்கி, காஃபினை வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அதே நாலு காபி, ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்புக் காஃபினாக நிற்கும். விரதத்தின் முதல் வாரத்தில் உங்களுக்கு வரும் படபடப்பிலும் தூக்கமின்மையிலும் ஒரு பங்கு சிகரெட் இல்லாததால் வருகிறது, ஒரு பங்கு காபியால் வருகிறது. சமாளிக்கக் குடித்ததே சங்கடத்தைக் கூட்டியிருக்கிறது. அளவைப் பாதியாக்குங்கள், ஒரு காபியை இருவர் பகிர்கிற பை-டூ சொல்லிக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம். நைட் ஷிஃப்டில் இது கஷ்டம்தான். முடிந்தால் முதல் இரண்டு வாரத்தைப் பகல் ஷிஃப்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாக வாங்குவதாகச் சொன்னீர்கள். அதனால் நீங்கள் பார்க்காமலே போன ஓர் எண் இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அச்சிடுகிறார்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அரசு சேவை அது. தென்னிந்திய மொழிகளுக்கான மையம் நம் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில்தான் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அங்கே நேரில் போய்ப் பார்க்கவும் வழி உண்டு. சில்லறையாக விற்பதைக் கர்நாடகத்தில் 2025 சட்டத் திருத்தம் தடை செய்திருக்கிறது, ஆனால் கடைகளில் நிலைமை என்ன என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். விலையை ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது மாசச் செலவும் கண்ணில் படுவதில்லை.

குறைத்தால் போதுமா என்றால், போதாது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. பத்தை ஒன்றாக்கினால் அபாயம் பத்தில் ஒன்றாகும் என்று நம் மனக்கணக்கு சொல்லும். இதயம் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. படிப்படியாகக் குறைத்து விடுகிறவர்களைவிட, நாள் குறித்து ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் தேறுவது சற்று அதிகம் என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது உங்களுக்குத் தெரிந்த வழிதானே, மாலை போடும் நாளில் நீங்கள் செய்வது அதைத்தான்.

"இத்தனை வருஷம் ஆயிடுச்சு, இனிமே என்ன" என்ற எண்ணம் எங்காவது இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவின் கணக்கில், கடைசிவரை புகைத்தவர்களின் ஆயுள் சராசரியாகப் பத்து வருஷம் குறைந்தது. 40 வயது வாக்கில் நிறுத்தியவர்கள் அதில் ஒன்பது வருஷத்தைத் திரும்பப் பெற்றார்கள், 50 வாக்கில் நிறுத்தியவர்கள் ஆறு. நீங்கள் 43-இல் இருக்கிறீர்கள். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது இந்த வருஷங்கள்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். "முடியும்மா, ஆனா தனியா முடியலை, நீயும் கூட இரு" என்று சொல்லுங்கள். சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் சறுக்கினால், சத்தியம் செய்தவர் அதை மறைப்பார், மறைத்தால் அடுத்தது வரும். சறுக்கினால் அன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டு மறுநாள் தொடருங்கள். மனைவியிடமும் இதை முன்கூட்டியே பேசிவையுங்கள். முதல் வாரத்தில் உங்கள் கோபத்தைத் தாங்கப்போகிறவர் அவர்தான்.

கடைசியாக வயிறு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிக்கோட்டின் குடலின் அசைவைத் தூண்டும், அதனால் நிறுத்தியதும் மலச்சிக்கல் வருவது மிகச் சாதாரணம். சிலருக்கு வாய்ப்புண்ணும் வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி வாழைப்பழம் அல்லது கொய்யா, சாப்பாட்டில் கீரையும் காயும் கொஞ்சம் கூடுதலாக, காலையில் கால் மணி நேர நடை. பசி கூடும், முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறவும் செய்யும், அந்த நடை அதற்கும் உதவும். விரதத்தில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், அந்த நாட்களில் நீங்கள் சாப்பிட்டதும் எழுந்ததும் வேறு மாதிரி இருந்திருக்கும். மூன்று வாரம் கழிந்தும் சரியாகவில்லை என்றால், பேதி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்