கருப்பை இறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை: மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. கருப்பை இறங்கியிருப்பதால் அதை அகற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். அந்த மருத்துவமனையில் சிகிச்சை தரமாக இருக்குமா என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கருப்பை இறங்குவது கருப்பையின் கோளாறு அன்று, அதைத் தாங்கும் தசைநார்களும் இடுப்புத்தளத் தசைகளும் தளர்ந்துபோவதே காரணம். ஆகவே கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு, யோனியின் மேல்முனையை உறுதியான தசைநாரோடு சேர்த்துத் தைக்காமல் விட்டால், பின்னாளில் யோனியே இறங்கிவரக்கூடும். அமெரிக்காவில் இத்துறைக்கென வகுக்கப்பட்ட தர அளவுகோல்களில் இந்தத் தையலும் ஒன்று. "மேல்முனையை எப்படி நிலைநிறுத்துவீர்கள்?" என்பதையே உங்கள் முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் கருப்பைக்கு மிக அருகில் செல்வதால் அறுவையின்போது அவை காயப்படலாம். அறுவையை முடிப்பதற்கு முன்பே சிஸ்டோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்கிக் குழாய் மூலம் சிறுநீர்ப்பைக்குள் பார்த்து, இரு குழாய்களிலிருந்தும் சிறுநீர் வருகிறதா என்று உறுதிசெய்வதும் அந்த அளவுகோல்களில் உண்டு. காயம் அப்போதே தெரிந்தால் அதே மேசையில் சரிசெய்துவிடலாம். நாட்கள் கழித்துத் தெரிந்தால் மறுபடியும் அறுவை, சில வேளைகளில் சிறுநீரகப் பாதிப்பு.

இறங்கிய உறுப்பு சிறுநீர்ப் பாதையை மடக்கி, சிறுநீர்க் கசிவை மறைத்துவைத்திருக்கலாம் என்பதால், உறுப்பை உள்ளே தள்ளி இருமச் சொல்லிச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். அறுவைக்கு முன், இறங்கிய உறுப்பைத் தாங்கிப்பிடிக்க யோனிக்குள் வைக்கும் சிலிகான் வளையத்தைப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பைச் சொன்னார்களா? சொல்லவில்லையென்றால் நான் தயங்குவேன். உறுப்பைத் தாங்க யோனி வழியே செயற்கை வலை வைப்பதாகச் சொன்னால் விளக்கம் கேளுங்கள். இறக்கத்துக்காக அவ்வாறு வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது.

பரிசோதனையில் உறுப்பு மேலேறியிருப்பது வேறு, அம்மாவின் தொந்தரவு தீர்வது வேறு. நல்ல மையங்கள் இறக்கம், சிறுநீர், மலம் பற்றிய ஒரே கேள்வித்தாளை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்து ஒப்பிடுகின்றன. வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் தாளில் குறித்துவிடுவதுண்டு என்பதாலும் அது நல்ல முறை. அறுவைக்கு ஓராண்டுக்குப் பிறகும் நோயாளிகளைக் கேட்டுப் பதிந்துவைக்கும் மருத்துவமனையை, அதன் பெயரைவிட நான் நம்புவேன்.

மாதவிடாய் நின்றபின் அம்மாவுக்கு ஒரு முறையேனும் உதிரப்போக்கு இருந்திருந்தால், புற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுத்திய பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.