வாசகர் கேள்வி – பதில்: முன்னேறும் ஆட்டக்காரருக்குப் பிளேட் அயர்ன் தேவையா?

கேள்வி: கோல்ப் விளையாடத் தொடங்கி மூன்றாவது வருடம் நடக்கிறது. சீனக்குடா மைதானத்தில் மாதத்துக்கு இரண்டு, மூன்று தடவை விளையாடுகிறேன். ஆரம்பத்தில் 115 அடிகளுக்குக் குறையாமல் முடித்த நான் இப்போது 90க்கும் 96க்கும் இடையில் முடிக்கிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிய பழைய கெவிட்டி பேக் அயர்ன்களையே (உலோகத் தலையின் பின்புறம் குடையப்பட்ட மட்டைகள்) இதுவரை பாவிக்கிறேன். ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சான், தான் பாவித்த பிளேட் அயர்ன்களை (பின்புறம் குடையப்படாதவை) விடுமுறைக்கு வரும்போது பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். பிளேட்டில் பழகினால்தான் அடி திருந்தும், கெவிட்டி பேக் ஆளைச் சோம்பேறியாக்கிவிடும் என்பது அவருடைய வாதம். என்னோடு விளையாடும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரோ வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், உவர்மலை.

பதில்: பொறியியலாளர் பக்கமே நிற்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. மச்சானின் மட்டைகளில் 8, 9, பிட்சிங் வெட்ஜ் (9க்கு அடுத்த, குறுந்தூர மட்டை) ஆகிய மூன்றை மட்டும் யோசிக்கலாம். அயர்னில் இலக்கம் கூடக் கூட முகத்தின் சாய்வு கூடும், தூரம் குறையும். 4, 5, 6 ஆகியவற்றை அவர் இலவசமாகத் தந்தாலும் உங்கள் பையில் போடாதீர்கள்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு உலோகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். பிளேட்டின் பின்புறம் தட்டையாகவும் கீழ்ப்பாதி தடித்தும் இருக்கும். எடையின் பெரும்பகுதி நடுவை ஒட்டித் திரண்டிருக்கும். கெவிட்டி பேக்கில் பின்புறத்தைக் குடைந்து எடுத்து, அந்த எடையை நுனிக்கும் குதிக்கும் (தண்டு சேரும் பக்கம்) அடிப்பாகத்துக்கும் பகிர்ந்து வைக்கிறார்கள். உயர்தரப் பௌதிகவியலில் சடத்துவத் திருப்பம் என்று படித்தோமே, அதுவே இங்கு வேலை செய்கிறது. காவுதடியின் இரண்டு முனைகளிலும் மீன்கூடை தொங்கும்போது அதைச் சட்டென்று சுழற்ற முடியாது. அதே பாரத்தைத் தோளுக்கு அருகில் கட்டினால் எளிதாகச் சுழலும். பந்து மட்டையின் நுனிப்பக்கம் பட்டால் மட்டைத் தலை பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். ஓரத்தில் எடை உள்ள தலை குறைவாகவும் பிளேட் அதிகமாகவும் திரும்பும். வலக்கை ஆட்டக்காரருக்கு அந்தப் பந்து தூரம் குறைந்து வலப்புறமாக விலகிப் போகும். 5ஆம் இலக்க அயர்னில், அந்த இழப்பே பந்து குழியைச் சூழ்ந்த புற்றரையில் இறங்குவதா அதற்கு முன்னுள்ள மணற்குழியில் விழுவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

மச்சானின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. பிளேட்டில் தவறாகப் பட்டால் கை அதை உடனே சொல்லும், சில காலைகளில் விரல்கள் விறைக்கும் அளவுக்குச் சொல்லும். எனினும், தவறு நடந்தது என்று அறிவதும் அதைத் திருத்துவதும் ஒன்றல்ல. நீங்கள் வாரம் ஐந்து நாள் பயிற்றுநரின் கண்முன்னே பந்தடிப்பவர் என்றால் அந்தத் தண்டனைக்கு ஒரு பயன் இருக்கலாம். மாதம் இரண்டு, மூன்று ஆட்டம் ஆடுபவருக்கு அது பெரும்பாலும் பயத்தையே கற்றுக்கொடுக்கிறது. பயந்தவர் உடலைச் சுழற்றாமல், கையால் பந்தைத் தள்ளப் பார்க்கிறார்.

அதே தகவலைச் சில நூறு ரூபாய்ச் செலவில் பெறலாம். வெண்பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு பெரிய பொட்டு வைத்து, அந்தப் பொட்டு மட்டையை நோக்கி இருக்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். பட்ட இடத்தின் அடையாளம் மட்டையின் முகத்தில் பதியும். பார்த்துவிட்டுத் துடைத்து, அடுத்த பந்துக்குப் போகலாம். இந்தச் சோதனையை 9ஆம் இலக்கத்தில் செய்யாமல் 6ஆம் இலக்கத்தில் செய்ய வேண்டும், ஏனெனில் 9 எல்லோரையும் நல்ல ஆட்டக்காரராகக் காட்டும். களைத்திருக்கும் ஒரு மாலையிலும் ஒரு தடவை செய்து பாருங்கள். அடையாளங்களில் பெரும்பாலானவை ஓர் ஐந்து ரூபாய் நாணயம் மூடும் பரப்புக்குள் விழுந்தால், உங்கள் கேள்வியை மறுபடி எழுதுங்கள், என் பதில் மாறக்கூடும். நுனியிலும் குதியிலும் கீழ் ஓரத்திலுமாகச் சிதறியிருந்தால், எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடித்தீர்கள் என்ற கணக்கு உங்களைப் பிளேட்டுக்கு உரியவராக்காது. 90ஐ நெருங்குவது பல வேளைகளில் புற்றரைக்கு அருகிலான சிறு அடிகளும் பட்டிங்கும் (புற்றரையில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) தேறியதாலேயே நடக்கிறது.

கெவிட்டி பேக் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே உங்களுக்கு ஏற்றவை என்றும் நான் சொல்லவில்லை. தொடக்க ஆட்டக்காரர்களுக்கான இக்கால அயர்ன்களில் மட்டை முகத்தின் சாய்வைக் கூர்மையாகக் குறைத்துவிட்டார்கள். மரபான பிளேட்டில் 7ஆம் இலக்கம் ஏறத்தாழ 34, 35 பாகை. இக்காலத்து மன்னிக்கும் வகை (தவறான அடியைப் பொறுக்கும்) மட்டையில் அதே 7 என்ற எண் 28, 29 பாகையில் இருக்கும். ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் வழமையான இடைவெளி 4 பாகை அளவு என்பதால், அடியில் 7 என்று பொறித்திருந்தாலும் கையில் இருப்பது பழைய கணக்கில் 6ஐயும் தாண்டிய ஒன்று. நண்பர் தம் 7ஆம் இலக்கத்தால் உங்களை விடப் பதினைந்து மீற்றர் தூரம் அடிக்கிறார் என்று கவலைப்படுமுன் அந்தப் பாகையைக் கேட்டுப் பாருங்கள். இப்படிச் சாய்வு குறையும்போது வெட்ஜ் பக்கத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. பிட்சிங் வெட்ஜ் 43 பாகையாகவும் மணற்குழிக்கான சாண்ட் வெட்ஜ் 56 பாகையாகவும் இருந்தால் இடையே 13 பாகை வெறுமையாகக் கிடக்கும், அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். விதிப்படி பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் வேறெதையாவது கழற்றவும் வேண்டும்.

இதே கணக்கால்தான் கலப்புச் செட் சேர்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 30 பாகையில் உள்ள புதிய கெவிட்டி 7ஐயும் 39 பாகையில் உள்ள பழைய பிளேட் 8ஐயும் அடுத்தடுத்து வைத்தால் நடுவில் ஒரு மட்டையே காணாமற்போகும். உங்களிடம் இருப்பது பழைய கெவிட்டி பேக் என்பதால் 7ஆம் இலக்கம் 34 பாகையை ஒட்டி இருக்க வாய்ப்புண்டு, அப்படியென்றால் பொருந்தும். மச்சானிடம் அவருடைய 8, 9, பிட்சிங் வெட்ஜ் ஆகியவற்றின் பாகைகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மட்டை தயாரித்த நிறுவனத்தின் பெயரும் மாதிரியும் தெரிந்தால் அவர் அங்கேயே தேடிச் சொல்லிவிடுவார்.

இனி நம் ஊருக்கு வருவோம், ஏனெனில் வெளிநாட்டில் எழுதப்படும் ஆலோசனைகள் மென்மையான, ஈரமான புல்லை மனதில் வைத்து எழுதப்படுபவை. திருகோணமலையில் வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நிலம் காய்ந்து இறுகிப்போகும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் அதே நிலம் சதசதவென்று மட்டையை உள்ளே இழுக்கும். இறுகிய தரையில் பந்துக்குக் கீழே போக இடமில்லாததால் நம்மில் பலருடைய அடி மட்டை முகத்தின் கீழ் ஓரத்தில்தான் விழுகிறது. பிளேட்டின் ஈர்ப்பு மையம் ஒப்பீட்டளவில் மேலே இருப்பதால் அந்தக் கீழடியை அது சற்றும் பொறுக்காது. அடிப்பாகத்தில் எடை இறக்கிய கெவிட்டி பேக் ஓரளவு பொறுக்கும். ஆனால் மிகவும் அகன்ற அடிப்பாகம் உள்ள மட்டை இறுகிய தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் மோதுவதும் உண்டு. மாரியில் நிலைமை தலைகீழாகும். மெல்லிய, கூரிய முன்விளிம்புள்ள பிளேட் மண்ணில் புதையும், அகன்ற அடிப்பாகமோ வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆகவே இங்கே விளையாடுபவர் முதுகுப்புறத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் மட்டையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். நடுத்தர அகலம், இலேசான வளைவு, முன்விளிம்பு சற்று மழுங்கல்: இந்த மூன்றும் உள்ள மட்டை இரு பருவத்துக்கும் ஈடுகொடுக்கும். கடைகளில் பிளேயர்ஸ் கெவிட்டி என்று சொல்லப்படும் இடைப்பட்ட வகையில் இத்தகைய அடிப்பாகம் கிடைக்கும். அடுத்த செட்டை நீங்கள் உண்மையிலேயே வாங்குவதானால் என் பரிந்துரை அதுதான்.

காற்றைக் காரணம் காட்டிப் பிளேட்டுக்கு வாதாடுபவர்களும் உண்டு. பிளேட்டில் பந்து தாழ்வாகப் பறக்கும், கச்சானுக்கு நல்லது என்பார்கள். நடுவில் பட்டால் சரிதான். எதிர்க்காற்றுக்கு ஓர் இலக்கம் குறைந்த மட்டையை (7க்குப் பதில் 6) எடுத்து, பந்தைச் சிறிது பின்னால் வைத்து, முக்கால் வீச்சில் அடிப்பதை எந்த அயர்னாலும் செய்யலாம், அதற்காகச் செட்டை மாற்ற வேண்டியதில்லை. காற்றைவிட எனக்குக் கவலை தருவது கோடையில் இறுகிய புற்றரைதான். சாய்வு மிகக் குறைந்த மட்டைகள் பந்துக்குக் குறைந்த சுழற்சியையே தருவதால், விழுந்த பந்து நிற்காமல் புற்றரையைத் தாண்டி ஓடிவிடும். 8, 9, வெட்ஜ் ஆகிய மூன்றுக்கு மட்டும் மச்சானின் பிளேட்டை யோசிக்கலாம் என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம். குறுகிய தூரத்தில் அடி சிதறுவது குறைவு, சுழற்சியோ அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

அந்த மட்டைகளின் தண்டைப் பற்றியும் விசாரியுங்கள். பிளேட் செட்களில் பெரும்பாலும் பாரமான, விறைப்பான எஃகுத் தண்டு இருக்கும்; டைனமிக் கோல்ட் எஸ்300 என்றால் வெட்டாத நிலையில் ஏறத்தாழ 130 கிராம். அதைவிட 30 கிராம் அளவு குறைந்த எஃகுத் தண்டுகள் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் கடைசி நான்கு குழிகளை விளையாடும்போது அந்த 30 கிராம் தன்னைக் காட்டும். தலை எந்த வகை என்பதைவிடப் பொருந்தாத தண்டு ஒருவருடைய ஆட்டத்தை அதிகம் கெடுக்கும் என்பது என் கருத்து. மச்சான் உங்களைவிட நல்ல உயரம் என்றால் தண்டின் நீளமும் மட்டை தரையில் அமரும் கோணமும்கூட அவருக்கானவையே. பாதி விலை என்பது இவற்றையெல்லாம் சரிசெய்யும் செலவையும் சேர்த்துத்தான் பாதி விலையா என்று கணக்குப் பாருங்கள். உறவு முறியாமல் இதை அவரிடம் சொல்வது உங்கள் பாடு.

கேள்வி: தொழில்முறை வீரர்கள் எல்லோரும் பிளேட்தானே பாவிக்கிறார்கள்? கெவிட்டி பேக் என்பது தெரியாதவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதானே? – வாசகர், உப்புவெளி.

பதில்: இரண்டுமே சரியல்ல. ஓரத்தில் எடை வைக்கும் எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். தம் பட்டிங் சரியாக வராததால் 1959இல் தாமே ஒரு பட்டரை (பட்டிங் மட்டை) உருவாக்கினார், அதன் எடை இரு ஓரங்களிலும் இருந்தது. மட்டைகள் தயாரிக்கும் பிங் நிறுவனம் அங்கிருந்து பிறந்தது. அதே கொள்கையில் 1982இல் வந்த பிங் ஐ2 அயர்ன்களைத் தொழில்முறை வீரர்களும் வார இறுதி ஆட்டக்காரர்களும் ஒருங்கே பாவித்தார்கள்.

அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2023இல் அமெரிக்கத் தொழில்முறைப் பருவத்தின் ஃபெடெக்ஸ் கிண்ணத்தை வென்ற விக்டர் ஹோவ்லண்டின் பையில் இருந்தவை பிங் ஐ210 என்ற கெவிட்டி பேக் அயர்ன்கள். (அவரும் நோர்வேக்காரர் என்பது தற்செயல்.) 2022இலும் 2024இலும் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற ஸ்காட்டி ஷெஃப்லர் 5ஆம் இலக்கத்திலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை பிளேட் பாவிப்பவர்; ஆனால் அதற்கு மேல், 3ஆம் 4ஆம் இலக்கங்களில், உள்ளீடற்ற, மன்னிக்கும் வகைத் தலைகளையே வைத்திருந்தார். அவருடைய அடிக்கே நீண்ட அயர்னில் உதவி வேண்டியிருக்கிறது என்றால், மற்றவர்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. தொழில்முறை வீரர் பிளேட்டை விரும்புவது பந்தை வேண்டுமென்றே வளைக்கவும் உயரத்தைக் கட்டுப்படுத்தவும்தான். நம்மில் பெரும்பாலானோருடைய பந்து கேட்காமலே வளைகிறது.

கேள்வி: போர்ஜ் செய்த (உலோகத்தை அடித்து உருவாக்கிய) மட்டை மென்மையாக இருக்கும், உருக்கி வார்த்த மட்டை கல் போல் இருக்கும் என்கிறார்கள். கடற்காற்றில் எது தாங்கும்? – வாசகர், நிலாவெளி.

பதில்: பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே, கையில் உணர்வு வந்து சேரும்போது பந்து போய்விட்டிருக்கும். அந்த உணர்வில் பெரும்பங்கு ஒலியும் தலையின் வடிவமும் நடுவில் பட்டதா என்பதுமே. மென்மை வேண்டுமென்று பிளேட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. போர்ஜ் செய்த கெவிட்டி பேக் அயர்ன்களும் நிறைய உண்டு. மிசுனோ நிறுவனம் ஹிரோஷிமாவில் போர்ஜ் செய்விக்கும் மட்டைகளில் இரு வகையும் இருக்கின்றன.

கடற்காற்றுக்கு வார்த்த துருப்பிடிக்காத எஃகே எளிது. போர்ஜ் செய்பவை பெரும்பாலும் மென்மையான கார்பன் எஃகு. மேலே குரோமியப் பூச்சு இருக்கும்வரை கவலையில்லை. மணலில் அடித்து அடித்து முகத்திலும் அடியிலும் பூச்சு தேய்ந்த பின் துரு ஏறும். பழைய செட் வாங்குபவர்கள் பூச்சு கொப்பளித்திருக்கிறதா என்றும், வரிப்பள்ளங்களின் விளிம்பு நகத்தில் தட்டுப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஃகுத் தண்டு வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே துருப்பிடித்திருக்கலாம். கைப்பிடியைக் கழற்றும் சந்தர்ப்பம் கிடைத்தால் உள்ளே ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் உலரத் துடைத்து, பையை வீட்டுக்குள் வையுங்கள். ஈரமான உறைகளை மாட்டியபடி காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டால் எந்த உலோகமும் நிலாவெளியில் நெடுநாள் நிற்காது.