கப்பல் கடிகாரமும் கைப்பணமும்: முதன்முறை கப்பலேறும் மதுரைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பயணிகள் கப்பலில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாதிக் காலம் வரவேற்பு மேசையில், மீதிக் காலம் கணக்கு அறையில். இப்போது மதுரைக்கே திரும்பிவிட்டேன். சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூரில் இறங்கும் சுற்றுலாவுக்கு நம் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி கடிகாரத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோதான் இருக்கின்றன. இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கைப்பேசியே ஊருக்கு ஊர் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. பிறகு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வரச் சொல்கிறீர்களே, ஏன்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருமங்கலம்)

ஐயா, கைப்பேசி தானாக மாற்றிக்கொள்வதுதான் ஆபத்து. கிரீன்விச் நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். சிங்கப்பூரும் மலேசியாவும் 8 மணி முன்னால், தாய்லாந்து 7 மணி முன்னால். கப்பலோ தனக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறது. அதற்குக் கப்பல் நேரம் என்று பெயர். நீண்ட பயணங்களில் அதை இரவோடு இரவாக ஒரு மணி முன்னோ பின்னோ நகர்த்திவிட்டு, முதல் நாளே அறைக்கு வரும் தினசரித் தாளில் எழுதிவிடுவார்கள். மூன்று நான்கு நாள் பயணங்களில் பல கப்பல்கள் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே கடைசிவரை வைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூர் நேரத்தோடு கப்பல் புக்கெட் போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்து, உங்களைக் கேட்காமலே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்று தாளில் இருக்கும். கைப்பேசியில் மணி 4.40. இன்னும் 20 நிமிடம் இருக்கிறது என்று நிம்மதியாக ஒரு இளநீர் வாங்கிக் குடிப்பீர்கள். கப்பலில் அப்போது மணி 5.40.

என் கண் முன்னாலேயே இது நடந்தது. நம் தமிழ்க் குடும்பம்தான். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் சிறு படகுகள்தான் போய்வரும். கடைசிப் படகு திரும்பிய பிறகு அறுவரின் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டோம், அறைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தோம். பிறகு அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து, அந்த ஊரில் கப்பலின் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரிடம் ஒப்படைத்தோம். கப்பல் கிளம்பிவிட்டது. சொந்தச் செலவில் விமானத்தில் அவர்கள் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டியதாயிற்று. தாத்தாவின் மாத்திரைப் பை மட்டும் அறை மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்து உறையில் போட்டு ஒட்டியது நான்தான். இன்றைக்கும் யார் கப்பலேறுகிறேன் என்று சொன்னாலும் அந்தப் பைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

அதனால் முள் வைத்த சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். ஏறியதும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டால் போதும். மாற்றச் சொல்லித் தாளில் வந்தால் மட்டும் மாற்றுங்கள். ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம், அது கைப்பேசி போன வழியில்தான் போகும். கரை இறங்கும்போது அன்றைய தினசரித் தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். துறைமுக முகவரின் தொலைபேசி எண் அதில் இருக்கும். அன்றாடம் சாப்பிடும் மருந்தில் ஒரு நாளுக்கு வேண்டியது எப்போதும் கையோடு இருக்கட்டும்.

கப்பல் நிறுவனமே அழைத்துப் போகும் சுற்றுலா விலை அதிகமாக இருக்கிறது. வெளியே கார் பேசிக்கொள்ளலாமா? (மேலூர்)

பேசிக்கொள்ளலாம் அம்மா. ஆனால் கப்பலே ஏற்பாடு செய்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் பேசிய வண்டிக்குக் காத்திருக்காது. நீங்கள் கொடுக்கும் அதிக விலையில் ஒரு பங்கு அதற்குத்தான். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். நேரமும் சிங்கப்பூர் நேரமேதான், குழப்பம் இல்லை. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க அங்கே தாராளமாகத் தனியாகப் போகலாம். 500 படிக்கு மேல் ஏற வேண்டியிருக்கும் என்பதால் முதல் வேலையாக அதை முடித்துக்கொண்டு, கடைவீதியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புக்கெட்டில், அதுவும் முதல் பயணத்தில், கப்பல் வண்டியையே நான் சொல்வேன்.

கிருத்திகை, பிரதோஷம் என்று நாள் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. கப்பலில் ராகுகாலத்தை எந்த நேரப்படி எடுப்பது? (சோழவந்தான்)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பலர் மனதிலேயே வைத்திருப்பார்கள்.

சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டுப் பங்காகப் பிரிப்பதுதான் ராகுகாலக் கணக்கு. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துத்தான் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாட்காட்டியில் போடுகிறார்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் விடியும், மாலை 7 மணியை ஒட்டித்தான் இருட்டும். அது இருக்கும் இடத்துக்குக் கிரீன்விச்சைவிட 7 மணி முன்னால் இருக்கும் நேரம்தான் பொருத்தம். மலேசியாவோடு சேர்ந்து 1982-ல் 8 மணி முன்னால் இருக்கும் நேரத்துக்கு மாறிக்கொண்டார்கள். அதனால் அங்கே திங்கட்கிழமை ராகுகாலம் எட்டரை முதல் பத்து. கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடும்வரை இதையே வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலும் கடிகாரமும் சூரியனும் ஒன்றாகப் போவதில்லை. இந்திய நேரம் கணக்கிடப்படுவது மிர்சாபூர் பக்கம் செல்லும் தீர்க்கரேகையை வைத்து. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 17 நிமிடம் தாமதம். சிங்கப்பூரில் அதே தாமதம் ஒரு மணிக்குச் சற்று மேல்.

விமான டிக்கெட்டில் 14-ம் தேதி 00.30 என்று இருக்கிறது. 14-ம் தேதி இரவு விமான நிலையம் போனால் போதும்தானே? (அலங்காநல்லூர்)

போதாது! 13-ம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். விடிந்தால்தான் நமக்கு மறுநாள், டிக்கெட்டில் நள்ளிரவு 12 அடித்தாலே மறுநாள். இந்தத் தவறினால் விமானத்தையும் அதன் பிறகு கப்பலையும் விட்டவர்கள் உண்டு. கப்பல் கிளம்பும் நாளன்று போய் இறங்காமல் ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் சேர்ந்துவிடுங்கள். ஓர் இரவு விடுதி வாடகை, விட்டுப்போன கப்பலின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

எவ்வளவு பணத்தை நோட்டாகக் கொண்டுபோகலாம்? வீட்டில் இருக்கும் ரொக்கத்தைக் கொடுத்தே டாலர் வாங்கிக்கொள்ளலாமா? (நகைக்கடை நடத்துபவர், தெற்கு மாசி வீதி)

அண்ணே, ரொக்கம் கொடுத்து 50,000 ரூபாய்க்குள்தான் அந்நியப் பணம் வாங்க முடியும். அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான். நோட்டாக எடுத்துப் போவதற்கு ஒருவருக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால், அந்நியப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் ஃபோரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை கையில் இருக்கலாம், திரும்பி வந்து வீடு போய்ச் சேர அது உதவும். பயணம் முடிந்து மிஞ்சுவதில் 2,000 டாலர் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் சட்டம் அனுமதிப்பது. உங்களுக்குத் தேவைப்படுவது இதில் மிகக் கொஞ்சம். கப்பலுக்குள் கடைகளில் ரொக்கம் செல்லாது. அறைக் கதவைத் திறக்கும் அட்டையில்தான் எல்லாச் செலவும் ஏறும். கரையில் கார், கோயில், சாப்பாடு, சின்னச் சின்னக் கடைகளுக்கு மட்டும் மலேசிய ரிங்கிட்டும் தாய்லாந்து பாட்டும் சில்லறை நோட்டுகளாக வேண்டும். அவற்றைச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கமுள்ள பணமாற்றுக் கடைகளில் இரண்டு மூன்று கடை விசாரித்து மாற்றுங்கள். கப்பலுக்குள் மாற்றினால் கிடைக்கும் விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நாணயத்தைப் பணமாற்றுக் கடையில் வாங்கமாட்டார்கள், அந்தந்த ஊரிலேயே செலவழித்துவிடுங்கள்.

அந்த அறை அட்டையோடு டெபிட் கார்டை இணைத்தால் போதுமா? எங்களிடம் கிரெடிட் கார்டு இல்லை. (செல்லூர்)

இணைக்கலாம், ஆனால் வேண்டாம். கணக்கு அறையில் இருந்தபோது நான் அதிகம் ஆறுதல் சொன்னது இந்த விஷயத்துக்காகத்தான். நீங்கள் செலவு செய்வதற்கு முன்பே உத்தேசமாக ஒரு தொகையைக் கப்பல் நிறுத்திவைக்கும். சில கப்பல்களில் செலவு கூடக்கூட அதுவும் கூடும். கிரெடிட் கார்டில் அது கடன் வரம்பில் மட்டும் குறையும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தச் சேமிப்பே முடங்கிப்போகும். பயணம் முடிந்து கணக்குத் தீர்த்த பிறகும் அந்தத் தொகை விடுபடச் சில நாட்கள் ஆகலாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம் இப்படி நின்றுபோய், வரவேற்பு மேசை முன்னால் ஒரு தாய் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நல்ல வழி ரொக்கமாக முன்பணம் கட்டுவது. பெரும்பாலான கப்பல்களில் இதை ஏற்றுக்கொள்வார்கள். கப்பலின் நாணயத்தில் கட்டி ரசீது வாங்குங்கள், மிச்சத்தைக் கடைசி இரவில் திருப்பித் தருவார்கள். எந்த நாணயம் என்று டிக்கெட் எடுத்துத் தரும் முகவரிடம் முன்பே கேளுங்கள், கப்பலுக்குக் கப்பல் அது மாறும்.

எந்த அட்டையை எடுத்துப் போனாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் அது மூடியேதான் வரும். நடுக்கடலில் குறுஞ்செய்தி வராது, ஓடிபி-யும் வராது. இணையத்தில் கட்ட வேண்டியதையெல்லாம் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

கடையில் இயந்திரம் ‘ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்குமாமே? (கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள் தம்பி. ரூபாய் என்றால் மாற்று விலையைக் கடைக்கார இயந்திரம் தன் விருப்பத்துக்கு வைக்கும். வங்கியின் கட்டணமே நமக்குப் போதுமான சுமை. பல அட்டைகளில் அது 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்க்கு வாங்கினால் 413 ரூபாய் கூடுதலாகப் போகும். யுபிஐ சிங்கப்பூரில் சில கடைகளில் எடுபடும், இலங்கையிலும் 2024 பிப்ரவரி முதல் வந்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கப்பலேறாதீர்கள்.

சென்னையிலிருந்து இலங்கை போகும் கப்பலில் நேரம் மாறுமா? (உசிலம்பட்டி)

மாறாது. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் நம் நேரம்தான். பணம் மட்டும் வேறு. ரூபாய் என்று விலை சொன்னால் அது இலங்கை ரூபாய் என்பதை மனதில் வையுங்கள்.

இன்சுலின் போடுகிறேன். நேரம் மாறினால் என்ன செய்வது? (பெண், திருப்பரங்குன்றம்)

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், அதனால் சாப்பாட்டு நேரமும் அவ்வளவு முன்னால் வரும். எந்த நேரம் எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. மருந்தும் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியை ஏறும்போதே வாங்கிவிடுவார்கள், அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும்.

நாங்கள் கேட்காமலே பணியாளர் சேவைக் கட்டணம் என்று தினமும் ஏற்றியிருந்தார்களாம், என் தங்கை சொன்னாள். இது நியாயமா? (வில்லாபுரம்)

ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று அது தானாகவே ஏறும். குழந்தைக்கும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே சிறிய எழுத்தில் இருக்கும். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 16 பங்கு. முதலிலேயே பெருக்கிப் பார்த்துப் பணம் ஒதுக்குங்கள். பானங்களுக்குத் தனியாக ஒரு சேவைக் கட்டணம் சேரும். என்னோடு வேலை பார்த்தவர்களில் அறை துடைத்தவரும் தட்டுக் கழுவியவரும் அந்தப் பணத்தைச் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். அதனால் அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அது போகக் கணக்குச் சீட்டில் இருக்கும் மற்ற வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அறையில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டியில் எடுத்த தண்ணீர், கடல்வழித் தொலைபேசி அழைப்பு, குழந்தைகள் அட்டையைத் தேய்த்து விளையாடிய விளையாட்டுக்கூடம், எல்லாம் அங்கேதான் இருக்கும். கைப்பேசியைக் கப்பல் நகர்ந்ததுமே ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், கடலில் கப்பலின் கோபுரத்தைப் பிடித்தால் நிமிடக் கட்டணம் மிகக் கடுமை.

கணக்குச் சீட்டைக் கடைசி நாள் காலையில் போய்க் கேட்காதீர்கள். அன்று வரிசை படிக்கட்டு வரை நிற்கும், இறங்கும் அவசரத்தில் தவறான வரியையும் ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டு நேரத்தில் மேசை காலியாக இருக்கும். அப்போது வந்து அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தவறு இருந்தால் உட்கார்ந்து பேசித் திருத்த எங்களுக்கும் நேரம் இருக்கும்.