திரைக்குப் பின்னால் சலங்கை

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் அழுதுவிட்டதாகச் சொன்ன 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வீடியோ கேமை இரண்டு வாரமாக விளையாடி முடித்தேன். ராத்திரி கைக்குழந்தை தூங்கும் என்பதால் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு, சப்டைட்டில் மட்டும் படித்தேன். ஜோயல், எல்லி இருவருமே மனதில் ஒட்டவில்லை. கதைதான் சுமாரா, இல்லை எனக்குத்தான் கல்மனசா?

– ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

கல்மனசெல்லாம் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு கூத்துப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நம் வடாற்காட்டுக் கூத்தில் துரியோதனன் எப்படி வருவான்? இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். முகவீணை என்கிற குட்டி ஊதுகுழல் வீறிடும், மிருதங்கம் ஏறும், பின்னால் சலங்கை குலுங்கும். திரைக்குள்ளிருந்தே பாடுவான். கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணில் படுவதெல்லாம் அப்புறம்தான். சின்ன வயதில் ஆரணிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில், பாயில் அரைத்தூக்கத்தில் கிடந்தவன் அந்தச் சலங்கை கேட்டு எழுந்து பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கேமிலும் இதே கதைதான். 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'இல் பின்னணிக்கு மொத்தம் நான்கே சுரம். எதிரிகள் குறையக் குறைய அவர்கள் ஓட்டமும் அந்தச் சுரமும் சேர்ந்து வேகமெடுக்கும், உள்ளங்கை வேர்க்கும்.

2012இல் வந்த 'ஜர்னி'யில் பேச்சே கிடையாது. கூட வருபவர் இணையம் வழியாக விளையாடும் இன்னொருவர்; எந்த ஊரோ, என்ன பேரோ. பொத்தானைத் தட்டினால் குருவி மாதிரி ஒரு கூவல், அழுத்திப் பிடித்துவிட்டால் பெரிய கூவல். மணல்மேட்டில் என் துணை காணாமல் போனபோது விடாமல் தட்டினேன். எங்கிருந்தோ சின்னதாகப் பதில் வந்ததும், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. அந்த கேமின் இசை கிராமி பரிந்துரை வரை போனது. நியாயம்தான், ஆனால் எனக்கு அந்தக் கூவல்தான் பெரிது.

சரி, உங்கள் எல்லிக்கு வருவோம். குஸ்தாவோ சாந்தாவோலாயா அதில் இசையைக் கஞ்சத்தனமாகத்தான் போட்டிருக்கிறார். அவர் விட்டுவைத்த மௌனத்தில்தான் அவள் காலடியும் மூச்சும் கேட்கும். காட்டுவழியில் விசிலடிக்கப் பழகுவாளே, அந்தப் பேச்சு சப்டைட்டிலில் வந்திருக்கும். உதட்டில் வெறும் காற்றாகப் போகும் 'ஃபூ' எப்படி வரும்? அதைக் கேட்டவனுக்குத்தான் அவள் பதினாலு வயசுப் பிள்ளை என்பது உறைக்கும்.

முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் ஹெட்போனோடு மறுபடி விளையாடிவிட்டு எழுதுங்கள். ஒரு பக்கம் மாட்டினால் போதும், குழந்தை சிணுங்கினால் கேட்க வேண்டுமே.